32 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கை: தொலைவிலிருந்து இயங்கும் படவழி சிகிச்சை ரோபோக்கள்

2018 டிசம்பர் மாதம். குஜராத்தின் காந்திநகரில் உள்ள அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் இதய மருத்துவர் தேஜஸ் படேல் ஒரு கட்டுப்பாட்டு மேசையின் முன் அமர்ந்திருந்தார். எதிரே இருந்த திரையில் ஓர் இதயத்தின் எக்ஸ்ரே படம் துடித்துக்கொண்டிருந்தது. அந்த இதயத்துக்கு உரியவர் சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி, அகமதாபாத் அபெக்ஸ் இதய மருத்துவமனையின் ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறையான கேத் லேபில் படுத்திருந்தார். படேல் ஜாய்ஸ்டிக்கை அசைத்தார். அங்கே படுக்கையோரம் பொருத்தப்பட்டிருந்த ரோபோ, நூல் போன்ற கம்பியை ரத்தக்குழாயின் அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டை அதன் இடத்தில் வைத்தது.

அந்த முயற்சியில் 5 நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. ஐந்தும் வெற்றி. வேறு ஊரிலிருந்து ரோபோ வழியாக மனிதருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி என்னும் அடைப்பு நீக்கும் சிகிச்சை செய்யப்பட்டது உலகிலேயே அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டு அது மருத்துவ ஆய்விதழில் பதிவானது.

அந்தச் செய்தியைப் படித்தவர்கள் மனதில் எழுந்த ஆசை இயல்பானது. இனி மலைக் கிராமத்து நோயாளிக்கும் பெருநகர நிபுணரின் கை எட்டுமா? இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. தொலைவிலிருந்து இயக்கும் ரோபோக்கள் எதைச் சாதித்திருக்கின்றன, எங்கே தடுமாறுகின்றன, நம்மைப் போன்ற சமூகம் அவற்றை எப்படி எடைபோட வேண்டும் என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கண் திரையில், கை கம்பியில்

உடலைத் திறந்து, உறுப்பை நேரில் பார்த்து, கத்தி வைப்பது பழைய அறுவை சிகிச்சை. படவழி நுண்துளை சிகிச்சையில் மருத்துவர் உறுப்பைப் பார்ப்பதே இல்லை. மணிக்கட்டிலோ தொடையிலோ ஒரு சிறு துளை. அதன் வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயும் வழிகாட்டிக் கம்பியும் நுழைகின்றன. அவை எங்கே போகின்றன என்பதை எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் ஆகிய படக் கருவிகள் காட்டுகின்றன.

இந்த வழியைத் திறந்தவர்கள் துணிச்சல்காரர்கள். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கையின் சிரை வழியாகத் தன் இதயத்துக்கே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். 1964இல் அமெரிக்காவின் சார்லஸ் டாட்டர் அடைபட்ட கால் தமனியைக் குழாய்களாலேயே திறந்தார். 1977இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனால் இதயத் தமனியின் அடைப்பை விரித்தார். இன்று நம் மாவட்டத் தலைநகரங்களில் 'ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சிட்டாங்க' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் வேர்கள் இவை.

இந்தச் சிகிச்சையின் அமைப்பிலேயே ரோபோவுக்கான இடம் இருக்கிறது. மருத்துவரின் கண் எப்படியும் திரையில்தான் பதிந்திருக்கிறது. அவர் கை செய்வது கம்பியை முன்னே தள்ளுவது, பின்னே இழுப்பது, சுழற்றுவது ஆகிய மூன்று அசைவுகள். திரையை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். மூன்று அசைவுகளையும் மோட்டாரிடம் ஒப்படைக்கலாம். அப்படியானால் மருத்துவர் படுக்கையின் அருகிலேயே நிற்க வேண்டிய அவசியம் என்ன? பொறியாளர்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார்கள்.

முதலில் காப்பாற்றப்பட்டது மருத்துவரின் உடல்

தொலைதூர நோயாளிக்காக மட்டும் இந்த ரோபோக்கள் உருவாகவில்லை. கேத் லேபில் நிற்கும் மருத்துவரைக் கதிர்வீச்சிலிருந்து காப்பதும் முதல் நாளிலிருந்தே நோக்கமாக இருந்தது.

கேத் லேபில் எக்ஸ்ரே தொடர்ந்து பாய்கிறது. நோயாளிக்கு அது வாழ்வில் சில முறை. மருத்துவருக்கோ தினமும், இருபது முப்பது ஆண்டுகள். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் அவர் மேலும் படுகிறது. அதைத் தடுக்கப் பல கிலோ எடையுள்ள ஈயக் கவச அங்கியை மணிக்கணக்கில் சுமக்கிறார். முதுகுவலி, கழுத்துவலி, தண்டுவடத் தட்டுத் தேய்மானம், கண்ணில் புரை ஆகியவை இந்தத் தொழிலோடு சேர்த்துப் பேசப்படும் நோய்கள். இஸ்ரேலிய இதய மருத்துவர் ஏரியல் ரோகுயின் குழு 2013இல் வெளியிட்ட பதிவு இந்தத் துறையையே உலுக்கியது. மூளையிலும் கழுத்திலும் கட்டி வந்த 31 மருத்துவர்களைப் பற்றிய பதிவு அது. அவர்களில் கட்டி எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள் 26 பேர். அதில் 22 பேருக்கு இடப்பக்கம். கேத் லேபில் மருத்துவரின் இடப்பக்கம்தான் கதிர் வரும் திசைக்கு அருகில் இருக்கிறது. கதிர்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் புறந்தள்ளவும் முடியாத எச்சரிக்கை.

ஹைஃபா நகரின் ரஃபாயேல் பேயார் குழு, தொலையியக்க ஆஞ்சியோபிளாஸ்டியை 18 நோயாளிகளிடம் பரிசோதித்து 2006இல் வெளியிட்டது. அந்த வழியில் வளர்ந்ததுதான் கோரிண்டஸ் நிறுவனத்தின் கோர்பாத் ரோபோ. 2012இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதற்கு ஆதாரமாக இருந்த பிரிசைஸ் ஆய்வில் 9 மையங்கள், 164 நோயாளிகள். ரோபோவாலேயே வேலையை முடிக்க முடிந்தது 98.8 சதவீதம் பேருக்கு. இயக்கிய மருத்துவர் மீது பட்ட கதிர்வீச்சு, படுக்கையருகே இருப்பதோடு ஒப்பிட 95.2 சதவீதம் குறைந்தது.

இந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். சேர்க்கப்பட்டவை பெரும்பாலும் சிக்கல் குறைந்த அடைப்புகள். கையால் செய்த ஒரு குழுவோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வும் அல்ல. மருத்துவருக்குப் பாதுகாப்பு என்பது உறுதியானது. நோயாளிக்குக் கூடுதல் நன்மை என்பது அந்த ஆய்வில் நிறுவப்படவில்லை. மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி அடைப்பின் நீளத்தை அளக்க முடிவதால் ஸ்டென்ட்டின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இதன் ஆதரவாளர்கள் சொல்லும் நியாயம். நியாயமான வாதம்தான். ஆனால் நோயாளி அதனால் நீண்ட நாள் வாழ்கிறாரா என்பது வேறு கேள்வி.

அதே அறையில் நோயாளியோடு நிற்கும் செவிலியரையும் தொழில்நுட்பரையும் ரோபோ கதிரிலிருந்து அகற்றுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்பி, காந்தம், ஊசி

படவழி ரோபோக்களை அவை உடலுக்குள் நகர்த்தும் பொருளை வைத்து மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கம்பியையும் குழாயையும் உருளைகளால் தள்ளும் கோர்பாத் போன்றவை. 2019 நவம்பரில் கனடாவின் டொரான்டோ வெஸ்டர்ன் மருத்துவமனையில் விட்டோர் மென்டெஸ் பெரெய்ரா குழு இதே ரோபோவால் மூளைத் தமனியில் இருந்த வீக்கத்துக்குச் சிகிச்சை அளித்தது. இதயத்துக்கென்று பிறந்த கருவி மூளைக்குச் சென்ற கட்டம் அது.

இரண்டாம் வகையில் தள்ளும் கையே இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஸ்டீரியோடாக்சிஸ் நிறுவனத்தின் அமைப்பில் நோயாளியின் இருபுறமும் பெரிய காந்தங்கள் நிற்கின்றன. நுனியில் காந்தம் பதித்த மென்மையான கதீட்டர், காந்தப் புலம் திரும்பும் திசைக்குத் திரும்புகிறது. இதயத் துடிப்புக் கோளாறுக்குக் காரணமான திசுவைச் சுட்டு அணைக்கும் சிகிச்சையில் இது பயன்படுகிறது. இத்தாலியின் கார்லோ பப்போனே 2006இல் 40 நோயாளிகளிடம் இதைக் கையாண்ட விவரத்தை வெளியிட்டார். மென்மையான நுனி இதயச் சுவரைத் துளைக்கும் ஆபத்து குறைவு என்பது இதன் பலம். அறையையே காந்தத்துக்காகக் கட்ட வேண்டியிருந்தது இதன் சுமை.

மூன்றாம் வகை ஊசி. புற்றுநோய்க் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கவும், கட்டியை உள்ளிருந்தே எரிக்கவும் சிடி படத்தைப் பார்த்து ஊசி செலுத்துகிறார்கள். 1985இலேயே கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் யிக் சான் குவோ குழு, தொழிற்சாலைக்கென்று செய்த பியூமா ரோபோ கையை மூளைக் கட்டியின் திசை காட்டப் பயன்படுத்தியது. ரோபோ சரியான கோணத்தில் நின்றுகொள்ளும். ஊசியைச் செலுத்துவது மருத்துவரின் கை. அதே பகிர்வில் இயங்கும் கருவிகளைச் சென்னையின் பெர்ஃபின்ட் ஹெல்த்கேர் நிறுவனம் உருவாக்கியது. ரோபியோ, மேக்சியோ என்ற அவற்றில், சிடி படத்தில் பாதையைக் குறித்தால் ரோபோ கை அந்தக் கோணத்தில் வழிகாட்டியைப் பிடித்து நிற்கும். எலும்பைத் தவிர்த்து, நுரையீரலையும் பெரிய ரத்தக்குழாயையும் தவிர்த்து, உள்ளே ஆழத்தில் இருக்கும் சிறு கட்டியைத் தொட வேண்டும்; கோணம் சற்றுப் பிசகினாலும் இலக்கு தவறிவிடலாம். அங்கேதான் அசையாத எந்திரக் கையின் மதிப்பு.

எம்ஆர்ஐ அறைக்குள் நுழைவது இன்னும் கடினம். அந்தக் காந்தத்தின் அருகே இரும்பு கூடாது, சாதாரண மோட்டார் கூடாது. கால்கரி பல்கலைக்கழகத்தின் கார்னெட் சதர்லாண்ட், விண்வெளி ரோபோ கைகளைச் செய்த எம்டிஏ நிறுவனத்தோடு சேர்ந்து நியூரோஆர்ம் என்ற ரோபோவை உருவாக்கி, 2008இல் மூளைக் கட்டி அறுவையில் பயன்படுத்தினார்.

தூரத்தின் கணக்கு

இவற்றில் பெரும்பாலானவற்றை இயக்குபவர் அடுத்த அறையிலோ அதே அறையின் மூலையிலோதான் இருக்கிறார். ஊர் கடந்து இயக்குவது வேறு சவால்.

2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் அமர்ந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் மாரெஸ்கோ, ஃபிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ஸீயஸ் ரோபோவால் அகற்றினார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி, தனியாக ஒதுக்கிய அதிவேக இணைப்பில், கை அசைவதற்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையே சுமார் 155 மில்லிவினாடி தாமதம். 2003 முதல் கனடாவின் மெஹ்ரான் அன்வாரி, ஹாமில்டனிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியிருந்த நார்த் பே ஊர் மருத்துவமனை நோயாளிகளுக்கு 20க்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். காட்சிக்காக ஒரு முறை செய்வதற்கும் வழக்கமான சேவையாக நடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை நார்த் பே காட்டியது. இவை வயிற்றுக்குள் கேமரா விட்டுச் செய்தவை. ஆனாலும் படவழி சிகிச்சை ரோபோக்களுக்கு இவையே முன்னோடி.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம்? ஆஞ்சியோபிளாஸ்டி ரோபோவில் தாமதத்தை வேண்டுமென்றே கூட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வுகளில், சுமார் 400 மில்லிவினாடியைத் தொட்டபோது மருத்துவர்கள் இடைஞ்சலை உணர்ந்தார்கள். ஒளியிழையில் செய்தி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை 700 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்ச் சேர 3.5 மில்லிவினாடி. ஆக, தூரம் பெரிய தடை அல்ல. எக்ஸ்ரே காட்சியைச் சுருக்கி அனுப்பி விரிக்கும் கருவிகளும், வழியில் உள்ள இணைப்புக் கணினிகளும்தான் நேரத்தைத் தின்கின்றன. தாமதம் ஒரே சீராக இருந்தால் கை பழகிக்கொள்ளும். ஏறி இறங்கினால் பழக முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இணைப்பின் வேகம் எவ்வளவு என்பதைவிட, அது நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான்.

அதற்கு ஒரே விடை, படுக்கையருகே சிகிச்சையைக் கையிலெடுத்து முடிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது. இங்கேதான் கனவின் அடித்தளம் சோதனைக்கு உள்ளாகிறது. காந்திநகரில் ஜாய்ஸ்டிக் அசைந்தபோது, அகமதாபாத் அறையில் ஒரு குழு நின்றது. தமனியில் துளையிட்டது, குழாயை இதய வாசல் வரை கொண்டுபோனது, ரோபோவில் பலூனையும் ஸ்டென்ட்டையும் ஏற்றியது, ரத்தக்குழாய் தெரிவதற்கான சாயத்தைச் செலுத்தியது எல்லாம் அந்தக் கைகள். நிபுணரே இல்லாத ஊருக்குத்தான் ரோபோ தேவை. ஆனால் ரோபோவைப் பாதுகாப்பாக இயக்க அந்த ஊரில் ஏறக்குறைய ஒரு நிபுணர் தேவைப்படுகிறார். இந்த முரண் அவிழாதவரை, தூரம் கடந்த சிகிச்சை அன்றாடச் சேவையாக மாறாது.

இன்னொரு குறை தொடு உணர்வு. அனுபவமுள்ள மருத்துவரின் விரல்நுனிக்குக் கம்பி எங்கே தடுக்குகிறது, எங்கே வழுக்குகிறது என்று தெரியும். திரை காட்டுவதற்கு முன்பே கை எச்சரிக்கும். கோர்பாத் போன்ற ரோபோக்களில் அந்த உணர்வு கைக்குத் திரும்பி வருவதில்லை. கண்ணை மட்டும் நம்ப வேண்டும்.

மூளைக்கு ஓடும் நேரம்

இத்தனை தடைகளுக்குப் பிறகும் இந்த ஆராய்ச்சியைக் கைவிடக் கூடாது என்று சொல்ல வலுவான ஒரு காரணம் இருக்கிறது. அது பக்கவாதம்.

மூளையின் பெரிய தமனி ஒன்று ரத்தக்கட்டியால் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி அந்தக் கட்டியை இழுத்து வெளியே எடுக்கும் சிகிச்சை, மருந்து மட்டும் கொடுப்பதைவிடத் தெளிவாக மேலானது என்பதை 2015இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் நிறுவின. பேச்சிழந்து, ஒரு பக்கம் செயலிழந்து வந்தவர் நடந்து வீடு திரும்பும் சிகிச்சை அது. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகெங்கும் குறைவு. இருப்பவர்களும் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்தவருக்கு உள்ளூரிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து அனுப்பினால் பலருக்குப் பலன் உண்டு. மூளையின் பெரிய தமனி அடைப்பிலோ அந்த மருந்து பெரும்பாலும் போதுவதில்லை. கையே அங்கு போக வேண்டும்.

2025இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் இந்தத் திசையில் ஒரு படி வைத்தது. லித்துவேனியாவின் சென்டான்டே நிறுவன ரோபோவால், தானமாகப் பெற்ற உடலின் மூளைத் தமனியிலிருந்து ரத்தக்கட்டியைத் தொலைவிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். பிறகு அட்லாண்டிக்குக்கு அப்பால், ஃபுளோரிடாவிலிருந்த மருத்துவரும் அதையே செய்தார். இந்த ரோபோவில் மருத்துவர் ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பதில்லை. உண்மையான கம்பியைப் போன்ற ஒன்றையே கையில் பிடிக்கிறார். எதிர்ப்பு விசையும் விரலுக்குத் திரும்புகிறது. உயிருள்ள நோயாளிகளிடம் வழக்கமாவதற்கு இன்னும் வெகுதூரம். ஆயினும் முன்னைய ரோபோக்களின் முதன்மைக் குறைக்கு இது முகம் கொடுத்திருக்கிறது.

சந்தையும் சட்டமும்

நல்ல தொழில்நுட்பம் தானாகவே நிலைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ் 2019இல் சுமார் 110 கோடி டாலருக்குக் கோரிண்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 2023இல் இதயத் துறையில் அந்த ரோபோ வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்து, மூளை ரத்தக்குழாய்களின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. மருத்துவமனையின் கண்ணால் பார்த்தால் புரியும்: கருவியின் விலை, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகத் தேவைப்படும் பாகம், கையால் செய்தால் அரைமணியில் முடிகிற வேலைக்குக் கூடுதல் ஏற்பாடு. கைதேர்ந்த மருத்துவர் அருகிலேயே இருக்கும் இடத்தில் ரோபோவை விற்பது கடினம். அவர் இல்லாத இடத்தில் வாங்கப் பணம் இல்லை.

சட்டமும் பின்தங்கியே இருக்கிறது. 2020 மார்ச்சில் இந்தியா வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள், தொலைவிலிருந்து அறுவையோ ஊடுருவும் சிகிச்சையோ செய்வதைத் தங்கள் வரம்புக்குள் எடுத்துக்கொள்ளவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. இணைப்பு அறுந்து நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? ஜாய்ஸ்டிக் பிடித்தவரா, படுக்கையருகே நின்றவரா, இணைப்புத் தந்த நிறுவனமா, கருவி செய்தவரா? நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் இதற்கு விடை இருக்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், தொலை அறுவைக்கான ராவன் ரோபோவின் இணைப்புக்குள் புகுந்து அதன் அசைவுகளைக் குலைக்க முடியும் என்று பரிசோதனையில் காட்டினார்கள். பூட்டு இல்லாத வீட்டை யாரும் வாடகைக்கு விடுவதில்லை. பாதுகாப்பில்லாத இணைப்பில் ஓர் உயிரை ஒப்படைக்கவும் கூடாது.

ரோபோ இல்லாமல் கடந்த தூரம்

தூரத்தைக் கடப்பதுதான் குறிக்கோள் என்றால், ரோபோவை எதோடு ஒப்பிட வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மாரடைப்புக்கான தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் சிறு மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் தொகுப்புகளாக இணைத்தது. மாரடைப்பு வந்தவருக்கு அருகிலேயே ஈசிஜி எடுத்து, தேவைப்பட்டால் கரைப்பு மருந்தை அங்கேயே கொடுத்து, ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். செலவை அரசுக் காப்பீடு தாங்கியது. 4 தொகுப்புகளில் 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், திட்டம் வந்த பின் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். அங்கே கடலைத் தாண்டிய கை எதுவும் இல்லை. ஈசிஜி படிக்கக் கற்ற செவிலியர், ஓட்டுநர், ஒழுங்காக எடுக்கப்பட்ட ஒரு தொலைபேசி அழைப்பு, கட்டணத்தைப் பற்றிய பயம் நீங்கிய குடும்பம் ஆகியவைதான் தூரத்தைக் கடந்தன.

இதைச் சொல்வது ரோபோவைத் தாழ்த்துவதற்காக அல்ல. ரோபோ வர வேண்டிய இடத்தைக் காட்டுவதற்காக. ஆம்புலன்ஸ் கடக்கக்கூடிய தூரத்துக்கு ஆம்புலன்ஸ் போதும். அது கடக்க முடியாத நேரத்துக்கு, குறிப்பாக மூளைத் தமனி அடைபட்டவருக்கு, ரோபோ தேவைப்படலாம். ஆனால் அப்போதும் அது சங்கிலியின் கடைசிக் கண்ணிதான். முதல் கண்ணிகள் அறுந்து கிடக்கும் ஊரில் கடைசிக் கண்ணியைத் தங்கத்தால் செய்து பயனில்லை.

ஆகவே என் முடிவு இது. கேத் லேபில் வாழ்நாளைக் கழிக்கும் மருத்துவர்களின் உடலைக் காக்க இந்த ரோபோக்கள் இன்றே தகுதியானவை. சிடி வழி ஊசிச் சிகிச்சையில் அவற்றின் துல்லியம் நேரடியாகவே பயன் தருகிறது. ஊர் கடந்த சிகிச்சைக்கோ, நோயாளிகள் பிழைப்பது கூடுகிறதா என்று நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வுகள் வர வேண்டும். பொறுப்பை வரையறுக்கும் சட்டம் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, மாவட்ட மருத்துவமனைகளில் தமனியில் குழாய் செலுத்தவும் இணைப்பு அறுந்தால் சிகிச்சையை முடிக்கவும் பயிற்சி பெற்றவர்கள் வர வேண்டும். அரசு ரோபோவுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால், படுக்கையருகே நிற்கப்போகும் அந்தக் கைகளின் பயிற்சிக்கு இன்னொரு ரூபாயைக் கூடவே ஒதுக்க வேண்டும். காந்திநகரில் அமர்ந்திருந்த மருத்துவரின் திறமை அகமதாபாத் நோயாளியைச் சென்றடைந்தது, அங்கே அவருக்காக அந்தக் கைகள் காத்திருந்ததால்தான்.